தவிட்டுக்கு வாங்கிய தோல்

மெட்ராஸில் என் ஆராய்ச்சிக்கூடத்து முயல்களுக்கு என்னைவிட நல்ல சாப்பாடு. காலையில் காரட், மாலையில் அகத்திக்கீரை. ஒரு முயலின் தோலில் சிறிது வெட்டியெடுத்து இன்னொரு முயலின் மேல் ஒட்டவைத்து, அது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. முதல் வாரம் ஒட்டிய தோல் ரோஜா நிறத்தில் ஜோராக இருக்கும். இரண்டாவது வாரம் கறுத்துச் சுருங்கி உதிர்ந்துவிடும். இதில் ஒரு தடவைகூட மாற்றம் இருந்ததில்லை. “அதான் ஒட்டாதுன்னு தெரியுதே, பின்னே ஏன் ஒட்டிக்கிட்டே இருக்கே?” என்று அப்பா கேட்பார். ஏன் ஒட்டவில்லை என்பது தெரிந்துவிட்டால், நாளைக்கு ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்கலாம் என்பேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

என்னோடு படித்த எஸ்தர், மலாயாவில் கெடா மாநிலத்தில், ரப்பர் தோட்டங்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். “தீக்காயம், வெந்நீர்க் காயம்னு நிறைய வருது. உன் முயல் வித்தையை மனுஷங்களுக்கு எப்படிச் செய்யறதுன்னு காட்டிட்டுப் போ. அப்படியே நல்லாச் சாப்பிட்டு உடம்பையும் தேத்திக்கிட்டுப் போ” என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், இரண்டாவது காரணத்துக்காகத்தான் கிளம்பினேன்.

மலாயாவில் அவசரகாலம் என்று மெட்ராஸ் பேப்பரில் படித்தபோது துப்பாக்கிச் சத்தம்தான் மனதில் கேட்டது. சுங்கை பட்டாணியில் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது பாதிக்குமேல் சாப்பாட்டு விஷயம் என்று. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்பது சர்க்காரின் முடிவு. அதனால் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவல். சமைக்காத அரிசி யார் வீட்டிலும் இருக்கக்கூடாது. தோட்டம் முழுவதற்கும் ஒரே சமையற்கூடத்தில் சோறு வடித்து ஆளுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். சோறு மறுநாளே ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்த முடியாது என்று கணக்கு. எங்கள் ஊர் ரேஷன் கடையில் அரிசி வாங்க நிற்கும் வரிசையைத் திட்டிக்கொண்டு வந்தவள் நான். இங்கே சோற்றுக்கே வரிசை.

வந்த மறுநாள் டவுனில், இபுராகிம் நானாவின் கடையில், காப்பிக்கென்று ஒரு டின் கெட்டிப் பால் வாங்கினேன். முன்பக்கம் சாப்பாட்டுக் கடை, பின்பக்கம் மளிகை. நானா டின்னை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஓர் ஆணியை வைத்து டங் டங்கென்று இரண்டு ஓட்டை போட்டுவிட்டார்.

“என்ன நானா, நல்ல டின்னைப் போய்!”

“சட்டம்லா டாக்டரம்மா. ஓட்ட போடாம வித்தா என்னயப் புடிச்சு உள்ள வெச்சிருவான். ஓட்ட போட்ட டின்ன எவனும் காட்டுல பதுக்க முடியாதுல்ல?”

அதை மடியில் வைத்துக்கொண்டு திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் பாக்கார் ஆராங் பக்கம் இருந்த எஸ்தரின் வீடு வரைக்கும் போனேன். ரோடு மேடும் பள்ளமும். இறங்கியபோது புடைவை, கைப்பை, செருப்பு எல்லாம் பால். எஸ்தர் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். ராத்திரிக்குள் மெட்ராஸ் டாக்டரம்மாவின் கைப்பையை எறும்புகள் கைப்பற்றிவிட்டன.

ஆனாலும் நானாவின் கடையை நான் விடவில்லை. அங்கே ரொட்டி சானாய் என்று ஒன்று போடுகிறார்கள். நம் ஊர் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், ஆனால் இன்னும் மெல்லியது, பருப்புக் குழம்போடு வருகிறது. டீயை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு முழ நீளத்துக்கு ஆற்றுகிறார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்பது கடைக்குத் தெரிந்துவிட்டது. நானா ஒருநாள் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“ஒருத்தரு கிட்னிய இன்னொருத்தருக்கு வைக்கலாமாமே, நெசமா?”

“அமெரிக்காவிலே வச்சிட்டாங்க நானா. அண்ணன் தம்பி இரட்டையர். ஒரே அச்சு. அப்படிப்பட்ட இரட்டையர்னா உடம்பு வித்தியாசம் கண்டுபிடிக்காது. தன்னோடதுன்னே நினைச்சு ஏத்துக்கும்.”

“அப்ப மத்தவங்க?”

“மத்தவங்களுக்காகத்தான் நான் முயல் வளர்க்கறேன்.”

“முயல் குருமா நல்லாருக்கும்லா” என்று சொல்லிவிட்டு நானா கல்லாவுக்குத் திரும்பினார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில்தான் எனக்குச் சிரிப்பு வராத ஒரு கட்டில் இருந்தது. அதில் கிடந்தவள் பாக்கியம், பதினாறு பதினேழு வயதுப் பெண். திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம். பொதுச் சமையற்கூடத்தில் சோறு வடிக்கும்போது அண்டா சரிந்து, கொதிக்கும் கஞ்சி வயிற்றிலிருந்து முழங்கால் வரைக்கும் கொட்டிவிட்டது. கஞ்சி தண்ணீரைப்போல் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். இப்படிப்பட்ட புண்ணுக்கு நோயாளியின் தொடையிலிருந்தே மெல்லியதாகத் தோல் சீவி எடுத்துப் போர்த்துவது வழக்கம். இவளுக்கு வெந்ததே தொடைகள்தான். நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வேறு வழி இல்லாமல், எஸ்தர் பாக்கியத்தின் அம்மா அங்கம்மாவின் தோலை எடுத்து ஒட்டியிருந்தாள்.

நான் போய்ப் பார்த்த அன்று அந்தத் தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. வார்டே கொண்டாடிக்கொண்டிருந்தது. கட்டுப் போடும் டிரெஸ்ஸர் மாணிக்கம், தான் வரைந்த படத்தைக் காட்டுகிறவர் மாதிரி துணியை விலக்கிக் காட்டினார். அங்கம்மா, தன் தொடையில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து, “புடிச்சிக்கிச்சுங்களா டாக்டரம்மா? பெத்தவ தோலுல்ல, புடிக்காமப் போவுமா?” என்று கேட்டாள்.

எனக்கு நாக்கில் சனி. “இப்ப நல்லா இருக்கு. ஆனா அடுத்த வாரம் விழுந்துடும்” என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வார்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட காப்பியில் சர்க்கரை குறைந்தது என்பது என் சந்தேகம்.

என் பழக்கப்படி அங்கம்மாவிடம் கேட்டேன். “இவளோட கூடப் பிறந்தவங்க யாராவது உண்டா?”

“யாருமில்லீங்க. ஒத்தப் புள்ள. அப்பனும் போயிட்டாரு.”

மாணிக்கம் டிரெஸ்ஸர் அப்போது ஏதோ தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பினார். அதை நான் கவனித்தேன். ஆனால் அர்த்தம் தெரியவில்லை.

தோல் விழுந்தது. முயலுக்கு எப்படியோ அப்படியே. முதலில் ஓரம் மங்கியது, பிறகு கறுத்தது, ஒரு காலையில் கட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. அங்கம்மா என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏசவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எந்தோலு கூடவா அவளுக்கு ஆவாது?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “உன் தப்பு இல்லை அங்கம்மா. ஒவ்வொரு உடம்புக்குள்ளேயும் காவல்காரங்க இருக்காங்க, உங்க தோட்டத்து வாசல்ல நிக்கிறாங்களே, அந்த மாதிரி. வந்திருக்கிறது யாருன்னு பார்ப்பாங்க. பெத்தவளா இருந்தாலும் அவங்களுக்கு வெளியாள்தான்.” விளக்கம் சரியானதுதான். ஆனால் ஒரு தாயிடம் சொல்லக்கூடியதாக அது இல்லை என்று, சொல்லி முடித்த பிறகு எனக்குப் பட்டது. அன்று மாலை ரொட்டி சானாய்கூட இறங்கவில்லை.

பாக்கியத்துக்கு ஜுரம் நிற்கவில்லை. கையிலும் முதுகிலும் கிடைத்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒட்டினோம். பெரிய சுவருக்குக் கையகலச் சுண்ணாம்பு. பெண் இளைத்துக்கொண்டே வந்தாள். புண் இப்படியே திறந்து கிடந்தால் இவள் பிழைக்கமாட்டாள் என்று எஸ்தர் என்னிடம் சொன்னாள். அங்கம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம், மனம் கொஞ்சம் மாறட்டும் என்று, எஸ்தர் தோட்டங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது என்னையும் காடியில் ஏற்றிக்கொண்டாள். காடி என்றால் இங்கே கார். ஓட்டியவர் குப்புசாமி அண்ணன். புக்கிட் செலம்பாவ் போகும் வழி நல்ல நிழல். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். பள்ளிக்கூடத்து அசெம்பிளி நினைவு வந்தது. நடுவழியில் ஒரு டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர். குப்புசாமி அண்ணன் அசரவே இல்லை. “மெல்லப் போலாம்மா. தோட்டம் கிட்டதான் லா” என்று காற்றுப்போன டயரோடே உருட்டிக்கொண்டு போனார். தோட்டத்து வாசலை அடைந்தபோது மத்தியானச் சோற்று நேரம்.

சமையற்கூடத்தின் முன்னால் பெண்கள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றார்கள். எனக்குப் பசி. சோற்று வாசனை வேறு. அந்தப் பக்கமே நடந்தேன். வரிசையின் நடுவில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. நேரே போய்க் கையைப் பிடித்தேன். “உன்னை யாரு கட்டிலை விட்டு எழுந்திருக்கச் சொன்னது? இவ்வளவு தூரம் எப்படி வந்தே? கட்டெல்லாம் எங்கே?”

அவள் மிரண்டுபோய்க் கையை உதறினாள். “ஐயோ, யாருங்க நீங்க? வுடுங்க!”

வரிசை கலைந்தது. ஒரு பெரியம்மா ஓடிவந்து எங்கள் நடுவில் நின்றுகொண்டாள். “எம்பொண்ண ஏம்மா புடிக்கிறீங்க?”

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதே நெற்றி, அதே மூக்கு, இடது புருவத்தில் அதே சுழி. ஆனால் இவள் கன்னத்தில் சதை இருந்தது. காலை ஊன்றித் திடமாக நின்றாள்.

“உன் பேரு என்னம்மா?”

“தவுட்டம்மா.”

அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒரு தவிட்டம்மா இருந்தாள். பிறக்கும் பிள்ளைகள் தங்காமல் போகும் வீட்டில், அடுத்துப் பிறந்ததைப் பக்கத்து வீட்டாருக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இந்தப் பிள்ளை எங்களுடையது இல்லை என்று சாவுக்குக் கண்கட்டு வித்தை காட்டுவது. பெரும்பாலும் அது பேச்சுக்குத்தான். விற்ற கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பார்கள். அங்கம்மா நிஜமாகவே கொடுத்துவிட்டிருந்தாள் என்று விசாரித்ததில் தெரிந்தது. வாங்கியவள் இந்தப் பெரியம்மா, செல்லம்மா. அப்போது இருவரும் ஒரே லயத்தில் அக்கம்பக்கம். அப்புறம் செல்லம்மா புருஷனோடு இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டாள்.

எஸ்தர் அங்கேயே செல்லம்மாவிடம் பாக்கியத்தின் நிலைமையைச் சொன்னாள். செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தவிட்டம்மா அழவில்லை. “எந்தோல எடுத்தா திரும்ப வளருமா?” என்று என்னைக் கேட்டாள்.

“வளரும். கொஞ்ச நாள் எரியும்.”

“அப்ப எடுத்துக்குங்க. அவள எனக்குத் தெரியும். சுங்கை பட்டாணி கோயில்ல தீமிதி அன்னிக்குப் பாத்துருக்கேன். அவளும் என்னயே பாத்துக்கிட்டு நிப்பா. பேசுனதில்ல.”

“ஏன் பேசலே?”

“பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு.”

திரும்பி வரும்போது நான் காடியில் பாடாத குறை. ஒரே அச்சான இரட்டையர்! முயல்களிடம் ஒரு நாளும் கிடைக்காத அதிர்ஷ்டம். எஸ்தர் மட்டும் அதில் சேரவில்லை. “அங்கம்மாவை உனக்குத் தெரியாது” என்றாள்.

அவள் சொன்னது சரியாகப்போயிற்று. அங்கம்மா கேட்டுவிட்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“எனக்கு ஒரே பொண்ணுங்க.”

“நான் கண்ணாலே பார்த்துட்டு வர்றேன் அங்கம்மா.”

“அது செல்லம்மாக்கா பொண்ணு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “மூணு புள்ளைங்கள மண்ணுல வெச்சேன் டாக்டரம்மா. அப்புறம் இதுங்க ரெண்டும் ஒண்ணாப் பொறந்துச்சுங்க. மூத்தத வித்தேன். அன்னிலேருந்து என் வாயால அத எம்புள்ளன்னு சொன்னதில்ல. அதனாலதான் தங்குச்சு, ரெண்டும் தங்குச்சு. இப்ப அது தோலக் கொண்டாந்து இதுக்கு வெச்சா, அது எம்புள்ளதான்னு நானே போய் சொன்ன மாதிரி ஆயிராதா? ரெண்டுமே போயிரும்.”

தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். மாணிக்கம் டிரெஸ்ஸருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற நல்லெண்ணம்! அந்த நல்லெண்ணத்தில் பாக்கியத்தின் பாதி உடம்பு போய்விட்டிருந்தது. எஸ்தர் ஜெபம் செய்கிறவள். அவள் பொறுமையாக ஏதேதோ எடுத்துச் சொன்னாள். நான் பொறுமைக்குப் பேர் போனவள் இல்லை. கத்திவிட்டேன்.

“அப்படின்னா இவளையும் அந்தச் செல்லம்மாகிட்டேயே வித்துத் தொலை! ரெண்டும் அவ பிள்ளைங்க. ஒரு பிள்ளையோட தோலை எடுத்து அவ இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தா உனக்கென்ன வந்தது?”

கோபத்தில் சொன்னது. எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள். அங்கம்மா பாக்கியத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அக்கா ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டாள்.

மறுநாளே குப்புசாமி அண்ணனும் நானும் புக்கிட் செலம்பாவுக்குப் போனோம், இந்தத் தடவை நல்ல டயர்களோடு. விஷயத்தைச் சொன்னதும் செல்லம்மா தயாராகிவிட்டாள். கோழிக்கென்று வைத்திருந்த தவிட்டை ஒரு பையில் கட்டிக்கொண்டு, தவிட்டம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஏறினாள். தோட்டத்து வாசலில் காடியை நிறுத்தினார்கள். மலாய்க்காரக் காவலர், இளம்வயது, பையை அவிழ்த்துப் பார்த்தார். குப்புசாமி அண்ணன் பேசியதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“இது என்ன?”

“தவிடு.”

“எதற்கு?”

“கோழிக்குன்னு சொல்லவாம்மா?” என்று அண்ணன் என்னைக் கேட்டார். நான் உண்மையைச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். காவலர் என்னையும் செல்லம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய உத்தரவில் அரிசி, சர்க்கரை, டின் எல்லாம் இருந்தனவாம். பிள்ளை வாங்கத் தவிடு என்பது இல்லையாம். உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டு வந்தார்.

“ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தவிடு வேண்டும்?”

“ஒரு கைப்பிடி போதும்.”

அவர் தன் கையாலேயே ஒரு பிடி அள்ளி ஒரு காகிதத்தில் மடித்துச் செல்லம்மாவிடம் கொடுத்தார். மீதியை வேலி ஓரமாகக் கொட்டினார். எங்கிருந்தோ கோழிகள் ஓடிவந்தன. நல்லவேளை, அது டின்னில் வரவில்லை. வந்திருந்தால் ஓட்டை போட்டிருப்பார்.

வார்டில் நடந்த விற்பனையை நான் என்னுடைய எந்தக் கட்டுரையிலும் எழுதப்போவதில்லை. செல்லம்மா அந்தத் தவிட்டை அங்கம்மாவின் முந்தானையில் கொட்டினாள். அங்கம்மா கட்டிலின் தலைமாட்டிலிருந்து எழுந்து, “இந்தாக்கா, இனி இது உங்க புள்ள” என்றாள். தலைமாட்டு முக்காலியில் செல்லம்மா உட்கார்ந்தாள். அங்கம்மா கால்மாட்டுக்குப் போய் நின்றாள். ஜுரத்தில் பாக்கியம் கண்ணைத் திறந்து, “அம்மா, தண்ணி” என்றாள். அங்கம்மாவின் கை தானாகக் குவளைக்குப் போயிற்று. பிறகு அந்தக் கையை அவள் மடக்கிக்கொண்டாள். “இந்தா தாயி” என்று செல்லம்மா தண்ணீர் கொடுத்தாள். எஸ்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எனக்கு, நான் கத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் உறைத்தது.

தவிட்டம்மாவின் தொடையிலிருந்து மெல்லிய தோலை நான் சீவினேன். அதைத் தபால் தலை அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி எஸ்தர் புண்ணின் மேல் வரிசையாக வைத்தாள். மேலே வாஸலின் தடவிய வலைத்துணி, அதற்கு மேல் கட்டு. தங்கையின் பக்கத்துக் கட்டில்தான் வேண்டும் என்று தவிட்டம்மா அடம்பிடித்துப் படுத்துக்கொண்டாள். அதுவரை பேசக்கூடாது என்று வளர்ந்த இரண்டு பேரும் இப்போது ஒரே தாயின் பிள்ளைகள், யார் தடுக்க முடியும்? ஜுரம் கொஞ்சம் தணிந்ததும் ஆரம்பித்தார்கள். வார்டில் மற்றவர்கள் தூங்க முடியவில்லை என்று புகார் வந்தது.

முதல் தடவை கட்டுப் பிரித்தபோது தோல் ரோஜா நிறம். யாரும் கொண்டாடவில்லை. எல்லாருக்கும் என் நாக்கின் மேல் பயம். எனக்கே பயமாக இருந்தது. ஒரே முகம் என்பதாலேயே ஒரே அச்சு என்று சொல்லிவிட முடியாது. உடம்பின் காவல்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த நாட்களில் நான் நானாவின் கடையிலேயே குடியிருந்தேன். நாசி கண்டார் என்று கோழிக்குழம்பும் மீன்குழம்பும் முட்டைக் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிய சோறு. கவலைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. இரண்டு சுற்றுப் பெருத்தேன்.

அங்கம்மாவின் தோல் கறுத்த கட்டத்தையும் இது தாண்டியது. மாணிக்கம் டிரெஸ்ஸர் துணியை விலக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். “பாருங்க டாக்டரம்மா” என்றார். துண்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிகள் மூட ஆரம்பித்திருந்தன. விரலால் அழுத்தினேன், வெளுத்து, திரும்பவும் சிவந்தது. உள்ளே ரத்தம் ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் இரண்டாவது வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் இன்னொருவரின் தோலை நான் பார்த்தது அன்றுதான். வாய்விட்டு அழுதேன். எஸ்தரும் அழுதாள். பாக்கியம்தான், “என்னாச்சு, வுழுந்துருச்சா?” என்று பதறினாள்.

அங்கம்மா கால்மாட்டில் நின்றபடியே கேட்டாள். “அக்கா, உங்க பொண்ணுக்கு நல்லாயிருச்சா?”

“நல்லாயிருச்சு அங்கம்மா” என்றாள் செல்லம்மா.

பாக்கியம் நடக்க ஆரம்பித்ததும் கேள்வி வந்தது, எந்த வீட்டுக்குப் போவது? நான் அங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, விஷயம் முடிந்துவிட்டது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு திகாம் பத்துக்குப் போ என்றேன். செல்லம்மாவும் அதையே சொன்னாள். அங்கம்மா கேட்கவில்லை. “வித்தது வித்ததுதாம்மா. வாக்கு மாறுனா அதுங்களுக்கு ஆவாது.” பாக்கியம் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கடைசியில் அக்காவும் தங்கையுமாகச் செல்லம்மாவோடு காடியில் ஏறினார்கள். அங்கம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையைக்கூட ஆட்டவில்லை.

பிறகு ஒருநாள் அவள் எஸ்தரிடம் வந்து ஓர் உதவி கேட்டாள். அவசரகாலத்தில் தோட்டம் மாறுவது லேசான காரியம் இல்லை. துரையும் போலீஸும் சம்மதிக்க வேண்டும். எஸ்தர் இரண்டு தோட்டத்துத் துரைமாரையும் பார்த்துப் பேசினாள். புக்கிட் செலம்பாவில் பால்மரம் வெட்டும் வேலை, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, கிடைத்தது. செல்லம்மா இருக்கும் லயத்திலேயே, அடுத்த கதவு காலியாக இருந்தது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். விருந்து செல்லம்மா வீட்டில், சமையல் அங்கம்மாவுடையது. சோறு மட்டும் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வந்தது. குழம்பு அங்கம்மாவின் அடுப்பில் கொதித்தது. ஒரு பெரிய மீனைத் துண்டு போட்டு, புளி தூக்கலாக, வெண்டைக்காயும் சேர்த்து வைத்திருந்தாள். வாசனையிலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது. எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். பாக்கியம் கால்களை மடக்கிச் சிரமமில்லாமல் உட்கார்ந்ததை நானும் எஸ்தரும் மீனைவிட ஆவலோடு பார்த்தோம்.

அங்கம்மா சட்டியும் கரண்டியுமாக வந்தாள். கடல் கடந்து வந்த விருந்தாளி நான். நடுத்துண்டு எனக்குத்தான் என்று தட்டை முன்னால் நகர்த்தி வைத்தேன். நடுத்துண்டு பாக்கியத்தின் தட்டில் விழுந்தது. அதற்கு அடுத்த பெரிய துண்டு தவிட்டம்மாவுக்கு. செல்லம்மாவுக்கும் எஸ்தருக்கும் ஆளுக்கொன்று. என் தட்டுக்கு வந்தது வால்.

“ஏம்மா அங்கம்மா, விருந்தாளிக்கு வாலா?” என்றேன்.

“கோச்சுக்காதீங்க டாக்டரம்மா. அடுத்த வீட்டுப் புள்ளைங்க, நோவுல கெடந்து எந்திரிச்சதுங்க. நாமதான பாக்கணும்?”

“பாக்கியம் சரி. தவிட்டம்மா எங்கே நோயில கிடந்தா?”

அங்கம்மாவுக்கு அது காதில் விழவில்லை. குனிந்து, சட்டியின் அடியைத் துழாவி, மிச்சமிருந்த துண்டு ஒன்றைத் தேடிப்பிடித்துத் தவிட்டம்மாவின் தட்டில் வைத்தாள்.